மேகலா கொண்டுபோன சிலிண்டர்

“விக்கறதுக்குத்தான் அவ கொண்டுபோனான்னு நீ பாத்தியா?” என்று நான் கேட்டேன்.

“பாக்கோணுமாக்கும்? ஜீப்புல ஏத்துனதை லைனே பாத்துச்சுங்க பெரீம்மா. எழுவது வயசைத் தாண்டுன மனுசி ஊட்டுல இருந்து கேஸ் சிலிண்டரை உருவிக்கிட்டுப் போறவ, பின்ன எதுக்குக் கொண்டுபோவா? பூசை பண்ணவா?”

“கிருஷ்ணம்மா, வாயைப் பாத்துப் பேசு.”

“நான் ஒருத்தி பேசாட்டி ஆச்சுங்களா? காசு வாங்கிக்கிட்டுப் புளியங்கொட்டைப் பொடிய காபிப் பொடின்னு எழுதுனவ உங்க பேத்தி. செல்லைத் தொறந்தா ஊர் ஊரா காறித் துப்பறாங்க. பெத்தவளைக் கூப்புட்டுக் கேளுங்க, திருப்பூருல அவளும் தலை குனிஞ்சுதான் நிக்கறா.”

போன வாரம் ஏற்காட்டு மலையில், கொட்டச்சேட்டில், எங்கள் எஸ்டேட் லைனின் குழாயடியில் நடந்த பேச்சு இது. லைன் என்றால் வேலைக்காரர் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும் வரிசை. ஒரு வீட்டில் தும்மினால் எட்டு வீட்டுக்குக் கேட்கும். நான் அரைக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். எதிர்வீட்டுக் கிருஷ்ணம்மாளைத் திட்ட எனக்கு வாய் இருக்கிறது. ஆனால் திட்டுவதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் மூன்று மாதமாகச் சோறு தின்கிறேன்.

எனக்கு எழுதத் தெரியாது, கைநாட்டு. பால்வாடி டீச்சர் இன்பமேரி நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். “என் பேச்சை வேண்டுமானால் படிக்கிற தமிழாக்கிக்கொள், விஷயத்தில் கை வைக்காதே” என்று சொல்லியிருக்கிறேன். லைனில் இருப்பவர்கள் மட்டுமல்ல, மேகலாவை நம்பி அந்தப் பொடியை வாங்கினவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

மேகலா என் மகள் சரஸ்வதியின் பெண். அவளுக்கு ஐந்து வயதாகும்போது சரஸ்வதியும் மாப்பிள்ளையும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். பிள்ளை என்னிடம் நின்றாள். சேலத்துக்குப் பஸ்ஸில் இறங்கி ஏறி பி.காம். முடித்தாள். பிறகு ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு லாட்ஜில் போன் எடுக்கிற வேலை. போனில் யார் எது கேட்டாலும் “இருக்குங்க” என்று சொல்ல வேண்டுமாம். சுடுதண்ணீர் இருக்கா, இருக்குங்க. ஏரி தெரியுமா, தெரியுங்க. ஒருமுறை தர்மபுரியிலிருந்து கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, சுடுதண்ணீர் இல்லாமல் விடியும்வரை குழந்தையோடு தவித்திருக்கிறாள். காலையில் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, “நீதானே போன்ல பேசுன பொண்ணு?” என்று மட்டும் கேட்டாளாம். அதற்குப் பிறகு மேகலாவுக்கு அந்த வேலையில் மனது ஒட்டவில்லை. கொரோனாவில் லாட்ஜே மூடிவிட்டது. அவள் செல்போனை எடுத்து எழுத ஆரம்பித்தாள். ‘ஏற்காடு உள்ளபடி’ என்று பக்கத்துக்குப் பேர் வைத்தாள்.

முதலில் ஏரியைப் பற்றி எழுதினாள். பதினோரு பேர் படித்தார்கள். அதில் நாலு பேர் அவளுடைய காலேஜ் சிநேகிதிகள். சேர்வராயன் கோயில் மேட்டைப் பற்றி எழுதினாள், அதற்கும் அதே பதினோரு பேர். பிறகு ஈரோட்டிலிருந்து யாரோ கீழே ஒரு கேள்வி போட்டார்கள்: ‘எங்க அம்மாவுக்கு மலை ஏறினால் வாந்தி வரும். பஸ்ஸில் எந்த சீட்டில் உட்கார வைக்கலாம்? நடுவில் நிறுத்துவார்களா?’ இதற்காக என் பேத்தி சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இரண்டு நாள் பஸ்ஸில் போய் வந்தாள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டு, எந்த வளைவில் வயிற்றைப் புரட்டுகிறது என்று பார்த்தாள். டிரைவர்களிடம் போய்க் கேட்டாள்.

“வாந்தி எடுக்கறதைப் பத்தி எழுதத்தான் காலேஜுக்கு அனுப்புனமா?” என்றேன்.

“ஏரி அழகா இருக்குன்னு ஆயிரம் பேரு எழுதிட்டாங்க அம்மாயி. வாந்தி வந்தா எங்க எறங்கலாம்னு ஒருத்தரும் எழுதுல.”

அதை நாற்பதாயிரம் பேர் படித்தார்கள். நான் நம்பவில்லை, நம் மலை மொத்தத்திலும் அவ்வளவு ஜனம் இல்லையே என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போனைக் காட்டினாள். அதற்குப் பிறகு அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. ஜனங்கள் எந்த வார்த்தையில் கேட்கிறார்களோ அதே வார்த்தையைத் தலைப்பாக வைப்பாள். செவ்வாய் ஒன்று, வெள்ளி ஒன்று. மழையானாலும் காய்ச்சலானாலும் தப்பாது. கீழே எவர் என்ன கேட்டிருந்தாலும் காலையில் பல் விளக்கும் முன்னால் பதில் போட்டுவிடுவாள். ‘மஞ்சக்குட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் உண்டா?’ என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை போய் நின்று பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். லாட்ஜுகளுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சுடுவதற்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று நின்று பார்ப்பாள். நன்றாக இருந்தால் பேர் போடுவாள். இல்லாவிட்டால் பேசாமல் வந்துவிடுவாள். ஒரு லாட்ஜுக்காரன் பிரியாணி கொடுத்தனுப்பினான். மூடியைத் திறக்காமல் திருப்பி அனுப்பிவிட்டாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

படிக்கிறவர்கள் பெருகினால் பக்கத்தில் விளம்பரம் வருமாம், விளம்பரத்துக்குக் காசு வருமாம். அதற்கு முன்னால், விலாசம் சரிதானா என்று பார்க்கவாம், வெளிநாட்டிலிருந்து ஒரு தபால் வந்தது, உள்ளே ஒரு நம்பர் மட்டும். போஸ்ட்மேன் ஆரோக்கியதாஸ் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

“ஏனுங்க பெரீம்மா, மேகலாவுக்குக் கவர்மெண்டு வேலைங்களா?”

“அதுக்கு மேலங்க தாசு,” என்று சொல்லிவிட்டேன். என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது.

நூறு டாலர் சேர்ந்தால்தான் பாங்கில் போடுவார்களாம். அது சேர எட்டு மாதம் ஆனது. வந்த காசில் அவள் தனக்கென்று ஒரு ரவிக்கைத் துணிகூட எடுக்கவில்லை. கேஸ் கனெக்‌ஷன் வாங்கினாள். அதுவரை எஸ்டேட்டில் பொறுக்கின விறகில்தான் எங்கள் சமையல். “இனிமே நீங்க ஊத வேண்டாம் அம்மாயி” என்று ஊதுகுழாயை எடுத்துப் பரண்மேல் போட்டாள். கிருஷ்ணம்மாள் சொன்னாளே, அந்தச் சிலிண்டர்தான்.

அடுத்தது காபிப் பொடி. ‘ஏற்காட்டில் கலப்படம் இல்லாத காபிப் பொடி எங்கே வாங்கலாம்?’ என்று கரூரிலிருந்து ஒருவர் கேட்டார். மேகலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எஸ்டேட் களத்தில் காபிக்கொட்டை காய வைக்கிற வேலையில் நாற்பது வருஷம் இருந்தவள் நான். மூட்டையைத் தைக்கும் முன்னால் கணக்கு எழுதுகிற ரைட்டர் என்னைக் கூப்பிடுவார். “ஒருக்கா மோந்து பாருங்க” என்பார். குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து மூக்கில் வைத்தால் சொல்லிவிடுவேன்: இது இரண்டாம் நாள் மழையில் நனைந்தது, இது புளித்துப் போனது, இது பக்கத்தில் மிளகு காய்ந்த இடத்திலிருந்து அள்ளினது என்று. அது எனக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல.

ஏழு கடையில் ஏழு பொட்டலம் வாங்கிவந்து காகிதத்தில் ஒவ்வொரு கரண்டி கொட்டி என் முன்னால் வைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு மோந்து, “இது சுத்தம். இதுல சிக்கரி. இது பழசு” என்று சொல்லிக்கொண்டே போனேன். அதைப் படம் பிடித்துப் போட்டாள். அது எங்கெங்கேயோ பரவிவிட்டது. ‘அம்மாயி மூக்கு’ என்றே ஜனங்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். நாமக்கல்லிலிருந்து ஒரு குடும்பம் ஜீப்பு பிடித்து வந்து, ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டு என்னோடு படம் எடுத்துக்கொண்டு போனது. எனக்கு அது பிடித்திருந்தது. நன்றாகவே பிடித்திருந்தது. செவ்வாய்க்கிழமையானால் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு தயாராக இருப்பேன்.

பிரபாகர் என்று ஒரு சேலத்துப் பையன், ஒண்டிக்கடையில் காபி வறுத்து அரைக்கிற கடை போட்டிருந்தான். அவன் வந்தான். மேகலாவின் பக்கத்தைப் பார்த்து யாராவது அவன் பொடியை வாங்கினால், பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று அவளுக்குக் கொடுப்பதாகச் சொன்னான். அவள் பதினைந்து நாள் சரி என்று சொல்லவில்லை. பிறகு இரண்டு நிபந்தனை போட்டாள். காசு வாங்குகிறேன் என்பதைத் தலைப்பிலேயே எழுதுவேன். ஒவ்வொரு முறை புதுச் சரக்கு வரும்போதும் அம்மாயி மோந்து பார்த்துச் சரி என்றால்தான் எழுதுவேன், இல்லையென்றால் இல்லை. அவன் ஒத்துக்கொண்டான். அந்த இரண்டாவது நிபந்தனைக்காகத்தான் ஜனங்கள் வாங்கினார்கள். ஒருமுறை தீய்ந்த வாசம் வருகிறது என்று நான் திருப்பி அனுப்பினேன், மறுபேச்சில்லாமல் வேறு வறுத்துக் கொண்டுவந்தான். ஒரு வருஷம் நன்றாக ஓடியது. வீட்டுக்கு மேல் தகரம் மாற்றினோம்.

போன ஆடியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள். எழுந்து குளித்தபோது சோப்பில் வாசம் இல்லை. கருவாடு வறுத்தேன், அதிலும் இல்லை. சளி இறங்கினால் வந்துவிடும் என்று இருந்தேன். ஆவணி போனது, புரட்டாசி போனது. பூண்டை நசுக்கி மூக்குக்கு நேரே வைத்துக்கொள்வேன், தண்ணீரை மோந்த மாதிரி இருக்கும்.

மேகலாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைக்கே சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பாள். நான் சொல்லவில்லை. ஜீப்பு பிடித்து வருகிற ஜனம் என் மூக்கைப் பார்க்க வருகிறது, மூக்குப் போன கிழவியைப் பார்க்க யார் வருவார்கள் என்று நினைத்தேன். இன்பமேரி இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு, “பயந்துட்டேன்னு போடட்டுமாங்க?” என்று கேட்கிறாள். வேண்டாம். பயமில்லை அது. வீம்பு.

பிரபாகர் சரக்கு வந்தது. வழக்கம்போலக் கண்ணை மூடி, மூக்கை உறிஞ்சி, “நல்லாருக்கு” என்றேன். நிறத்தையும் விரலில் ஒட்டுவதையும் வைத்துக் குத்துமதிப்பாகச் சொன்னதுதான். தப்பாகிவிடவில்லை. அடுத்த முறையும் அப்படியே ஆனது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

தை மாதம் மூன்றாவது சரக்கு. அன்றைக்கு மேகலா பொடியோடு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள்.

“இது என்னத்துக்கு?”

“சும்மாதானுங்க அம்மாயி. சுத்தமான பொடின்னா தண்ணிமேல மெதக்குமாமா, கலப்படம்னா உடனே கீழ எறங்கிருமாமா. நீங்க சொன்னதுக்கப்பறம் இதையும் காட்டுனா படிக்கறவங்களுக்கு...”

“என்ற மூக்குக்குத் தண்ணி சாட்சியா?”

“சாட்சி இல்லீங்க அம்மாயி...”

“நாப்பது வருசம் களத்துல நின்னவளை டம்ளரை வெச்சு சோதிக்கறயா சாமி? அப்ப டம்ளரையே கேட்டு எழுதிக்க. என்னைய எதுக்குக் கூப்புடற?”

எழுந்து டம்ளரை எடுத்துத் தண்ணீரை வாசலில் வீசிவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. “சரிங்க அம்மாயி, கோவிச்சுக்காதீங்க. நீங்களே சொல்லுங்க” என்றாள். நான் உட்கார்ந்தேன். மோந்தேன். “அசல் சரக்கு கண்ணு” என்றேன். அன்றைக்கு நான் வீசின தண்ணீர் இருக்கிறதே, அதைத்தான் ஊரெல்லாம் அவள் முகத்தில் ஊற்றியது.

பத்து நாள் கழித்துக் கோயமுத்தூர்ப் பெண் ஒருத்தி டம்ளரில் தண்ணீர் வைத்து அந்தப் பொடியைத் தூவிப் படம் எடுத்துப் போட்டாள். பொடி கல் மாதிரி இறங்கியது. தண்ணீர் செம்மண் நிறமானது. சிக்கரியும் வறுத்த புளியங்கொட்டையும் என்று யாரோ சோதித்துச் சொன்னார்கள். நூற்றுக்கணக்கில் வசவு வந்தது. ‘உள்ளபடி என்று பேர் வைத்துக்கொண்டு கிழவியைக் காட்டி ஏமாற்றினாள்’ என்று எழுதினார்கள்.

மேகலா என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். “அம்மாயி, அன்னைக்கு நெசமாவே நல்லா இருந்துச்சுங்களா?”

“இருந்துச்சு. நம்மகிட்ட நல்லதைக் காட்டிப்போட்டு, அப்பறம் மாத்தியிருப்பான் அந்தப் பையன்.”

யோசிக்காமல் வந்தது. அந்த வார்த்தையை நம்பி ஒண்டிக்கடைக்குப் போனாள் பிள்ளை. நடுக்கடையில், வாடிக்கைக்காரர்கள் பார்க்க, பிரபாகரைத் திருடன் என்று சொல்லியிருக்கிறாள். அவன் அதே சரக்கில் மிச்சமிருந்த மூட்டையைக் காட்டியிருக்கிறான். கொட்டை தட்டுப்பாட்டில் மலைக்குக் கீழே வியாபாரி ஒருவனிடம் அரைத்த பொடியாகவே வாங்கியிருக்கிறான், அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. “உங்க அம்மாயி சரின்னு சொன்னாங்க, அதனால வித்தேங்க. போய் அவங்களைக் கேளுங்க” என்றானாம்.

அவள் திரும்பி வந்தபோது நான் அடுப்புக்குப் பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி, வழிந்து, பாத்திரம் அடிப்பிடித்துக் கருகியிருக்கிறது. அடுத்த வீட்டுக்காரிகூட வாசம் பிடித்து எட்டிப் பார்த்தாளாம். நான் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரை உரிக்கிறேன்.

மேகலா ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். சன்னலைத் திறந்தாள். கருகின பாத்திரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எப்ப இருந்துங்க அம்மாயி?”

“என்ன எப்ப இருந்து? கண்ணசந்துட்டேன். அந்தப் பால்காரன் தண்ணியக் கலந்தா இப்படித்தான் அடிப்புடிக்கும்.”

“கண்ணைத் தொறந்துதானுங்க உக்காந்திருந்தீங்க.”

நான் பால்காரனைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டுபோய்த் தேய்த்தாள். வெகுநேரம் தேய்த்தாள்.

மறுநாள் அவள் எழுதியதை எனக்குப் பிற்பாடு இன்பமேரிதான் படித்துக் காட்டினாள். ‘தவறு என்னுடையது. தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் எழுதினேன். இதற்குக் காசும் வாங்கினேன். பிரபாகரைத் திருடன் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பொடி வாங்கியவர்கள் பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், நானே திருப்பித் தருகிறேன்.’ அப்படியே திருப்பியும் தந்தாள், கம்மலை விற்று. கீழே யாரோ, ‘அம்மாயி மூக்கு என்ன ஆச்சு?’ என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு மேகலா, ‘அவரை விட்டுவிடுங்கள். அந்த முறை அவரிடம் நான் காட்டவே இல்லை’ என்று பதில் போட்டிருக்கிறாள்.

மூன்று வருஷத்தில் அந்தப் பக்கத்தில் அவள் எழுதின ஒரே பொய் அதுதான். அன்றைக்கு நான் மோந்ததைச் செல்லில் எடுத்துப் போடாமல் வைத்திருந்த படத்தைக்கூட அழித்துவிட்டாள். ஜனங்கள் இன்னும் அதிகமாகத் திட்டினார்கள்: ‘கிழவியிடம் காட்டாமலேயே காட்டினதாக எழுதினாயா?’ என்று. அதற்குப் பிறகு அவள் அங்கே ஒரு வரிகூட எழுதவில்லை. இன்பமேரி இதைப் படித்துக்காட்டி முடித்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? “சரி, பானையில உலை காயுது” என்று எழுந்து போனேன்.

மேகலாவுக்குப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது, போன் எடுக்கிற வேலைதான். போவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு கரண்ட் அடுப்பு வாங்கி வந்தாள். இரும்பும் எவர்சில்வரும்தான் அதில் சூடாகும், அலுமினியம் ஆகாது என்று மூன்று நாள் என்னைக் கூட நிற்க வைத்துப் பழக்கினாள். பாத்திரத்தை எடுத்துவிட்டால் தானே நின்றுவிடும் என்று காட்டினாள்.

“கேஸ் இனிமே வேண்டாங்க அம்மாயி. இதே போதும்.”

“கரண்டு போச்சுன்னா?”

“இன்பமேரி அக்காகிட்டச் சொல்லியிருக்கேன். சோறு கொண்டாந்து குடுப்பாங்க.”

கேஸ் கசிந்தால் எனக்குத் தெரியாது. அதுதான் காரணம். அவள் அதை வாயால் சொல்லவில்லை, இன்பமேரியிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் மூக்குப் போனது லைனுக்குத் தெரிந்துவிடும். எனக்குப் புரிந்தது. புரியாதவள் மாதிரி, “என்னமோ செய்” என்றேன்.

அவள் போன நாள் சித்திரை முதல் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கு, வாடகைக்கு ஓட்டுகிற கோபியின் ஜீப்பு லைனுக்கு முன்னால் வந்து நின்றது. போகிற வழியில் சிலிண்டரையும் புத்தகத்தையும் கேஸ் ஆபீசில் ஒப்படைத்துவிட்டு, பிறகு சேலத்துக்கு இறங்குவதாக ஏற்பாடு. கதவுக்குக் கதவு ஆள் நின்று பார்த்தது. வேலைக்குக் கிளம்பினவர்கள்கூடக் கூடையோடு நின்றார்கள்.

மேகலா என் காலில் விழுந்து எழுந்தாள். காபி போட்டு வைத்திருந்தாள், அதைக் கையில் கொடுத்தாள். வழக்கமாக, “எப்படிங்க அம்மாயி இருக்கு?” என்று கேட்பாள். அன்றைக்குக் கேட்கவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை நின்று டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு சிலிண்டரைச் சாய்த்து உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கோபி அதைத் தூக்கி ஜீப்பின் பின்னால் வைத்தான்.

எதிர்வீட்டுப் படியிலிருந்து கிருஷ்ணம்மாள் கேட்டாள். “ஏனுங்க பெரீம்மா, சிலிண்டரையுமா கொண்டுபோறா?”

லைன் முழுக்க நின்றது. அவ்வளவு பேரும் ஒரே இடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. மூக்குப் போய்விட்டதடி, பொடியை நான்தான் சரியென்று சொன்னேன், என் பிள்ளை மேல் தப்பில்லை என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. வாய் வரைக்கும் வந்தது.

“அவ காசுல வாங்குனது,” என்றேன். “எடுத்துக்கிட்டுப் போறா. எனக்கென்ன?”

மேகலா பையை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். நிமிர்ந்து என்னை ஒருதரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “கரண்டு அடுப்புல ஈரக்கையை வெச்சுராதீங்க அம்மாயி” என்று சொல்லிவிட்டு, வாசல்படியைத் தாண்டி இறங்கிப் போனாள்.